பாங்கு கேட்கும் தூரம்

கிண்ணியாவில் ஒருவனுக்கு வரும் கடிதத்தை அவன் வாசிப்பதற்கு முன் ஊர் வாசித்து முடித்துவிடும். முனீபுக்கு வந்த கடிதம் சிங்களம், தமிழ், ஆங்கிலம் என்று மூன்று மொழியிலும் இருந்தபடியால் ஊருக்கு அன்று மூன்று மடங்கு வேலை. கடிதம் சொன்ன சங்கதி இவ்வளவுதான். கடற்கொள்ளை வழக்கொன்றில் அவன் சாட்சி. வழக்கு நடப்பது இந்து சமுத்திரத்தின் அந்தப் பக்கத்தில் உள்ள ஒரு தீவு நாட்டில். அவன் அங்கே போகத் தேவையில்லை. அடுத்த மாதம் பதினாலாம் திகதி காலை திருகோணமலை நீதிமன்றத்துக்கு வந்து, ஒரு திரைக்கு முன்னால் இருந்து, கேட்கிற கேள்விக்குப் பதில் சொன்னால் போதும்.

முனீபுக்கு நாற்பத்தொரு வயது. பல நாள் படகில் சமையல்காரன். ஒரு மாதம், ஒன்றரை மாதம் என்று கடலிலேயே கிடந்து சூரை மீன் பிடிக்கிற படகு அது. அதில் சமையல்காரன் என்றால் சமைக்கவும் வேண்டும், மற்றவர்களோடு நின்று தூண்டில் கயிறும் இழுக்க வேண்டும், உப்புக் கூடினால் ஏச்சும் வாங்க வேண்டும். படகு அவனுடைய மூத்த சகோதரி, பஸ்மியா ராத்தாவின் புருஷன் ஆதம்பாவாவுக்குச் சொந்தம். ஏழு மாதத்துக்கு முன் அந்தப் படகையும் அதிலிருந்த ஆறு பேரையும் சோமாலியக் கரை ஆட்கள் பிடித்துப் பத்தொன்பது நாள் வைத்திருந்தார்கள். இருபதாம் நாள் ஒரு போர்க்கப்பல் வந்து மீட்டது.

பிடிக்க வந்தவர்களும் ஆறு பேர்தான். முனீப் விமானத்தில் வந்து இறங்கி ஊர் சேர்வதற்குள் அவர்கள் பன்னிரண்டு பேராகியிருந்தார்கள். பள்ளிவாசல் முன்றலில் இருபதானார்கள். கதை தோப்பூர்ச் சந்தைக்குப் போனபோது ஒரு படையே ஆகிவிட்டது. முனீப் எதையும் திருத்தவில்லை. ஒன்றைத் திருத்தப் போனால் மற்றதையும் திருத்த வேண்டி வரும். அந்த மற்றதுதான் ஏழு மாதமாக அவன் நெஞ்சில் கிடந்து உறுத்தியது.

கடிதம் வந்த அன்று பின்னேரம் ஆதம்பாவா ஒரு பை நிறைய மாம்பழத்தோடு வந்தார். அவருக்குச் சந்தோசம் பிடிபடவில்லை. படகு பிடிபட்ட நாளிலிருந்து அவர் ஏறி இறங்காத கந்தோர் இல்லை. சர்வதேசக் கடலில், கரையிலிருந்து அறுபது மைலுக்கு அங்கால், தன்பாட்டில் போய்க்கொண்டிருந்த தன்னுடைய படகைக் கொள்ளைக்காரர் கொண்டுபோனார்கள் என்று கடற்றொழில் திணைக்களம், மாவட்டக் கச்சேரி, வெளிநாட்டமைச்சு என்று எல்லா இடத்திலும் கைப்பட எழுதிக் கொடுத்தவர். படகு திரும்பி வந்தது. ஆனால் அவர் மனதில் பட்ட அவமானம் ஆறவில்லை. இப்போது அகப்பட்ட ஒரேயொரு கொள்ளைக்காரன் கூண்டில் நிற்கிறான் என்றதும், உலகத்தில் நியாயம் என்று ஒன்று இருக்கத்தான் செய்கிறது என்று அவருக்குப் பட்டது.

"நீ ஒண்டையும் கூட்டவும் வேணாம், குறைக்கவும் வேணாம்," என்றார் கதிரையில் சாய்ந்துகொண்டு. "நடந்ததை நடந்தபடி சொல்லு. அது காணும்."

முனீப் தலையாட்டினான். நடந்ததை நடந்தபடி சொன்னால் என்ன ஆகும் என்று மச்சானுக்குத் தெரியாது. அவரிடம் பொய் சொன்னவர்களில் தானும் ஒருவன் என்ற நினைப்பு வந்ததும் மாம்பழத்தின் இனிப்பு அவனுக்குத் தெரியவில்லை.

நடந்தது இதுதான். படகில் இரை தீர்ந்துபோயிற்று. தூண்டிலுக்குக் கொண்டுபோன கணவாய் முடிந்துவிட்டது, மீன் அறை பாதிகூட நிரம்பவில்லை. ஸ்கிப்பர் யோகலிங்கம் அன்புவழிபுரத்துக்காரர், இருபது வருசம் கடல் பார்த்தவர். கரைக்குக் கிட்டப் போனால் இரைக்குக் கணவாய் பிடிக்கலாம் என்று அவருக்குத் தெரியும். அது வேறு நாட்டுக் கரை, அங்கே போகக்கூடாது என்றும் தெரியும். படகின் கூரையில் அரசாங்கம் பூட்டிவிட்ட சட்டலைட் பெட்டி ஒன்று இருந்தது. படகு எங்கே நிற்கிறது என்று அது நாள் முழுக்கக் கோள் சொல்லிக்கொண்டிருக்கும். அதைக் கழற்றவும் ஏலாது, நிறுத்தவும் ஏலாது. பெரிய சோற்றுப் பானையை அதன்மேல் கவிழ்த்துவிட்டால் என்ன என்று கேட்டவன் முனீப்தான். பகிடிக்குத்தான் கேட்டான். யோகலிங்கம் சிரிக்கவில்லை. பானையைக் கொண்டுவா என்றார்.

அன்றிலிருந்து ஒன்பது நாள் பானை கூரையில் இருந்தது. முனீப் சின்னப் பானையில் நேரத்துக்கு இரண்டு தரம் சோறு வடித்தான். முதல் பந்தி, இரண்டாம் பந்தி என்று ஆட்கள் கலியாண வீடு மாதிரி முறைவைத்துச் சாப்பிட்டுச் சிரித்தார்கள். ஒன்பதாம் நாள் விடியக் கரை கண்ணுக்குத் தெரிந்தது. தகரக் கூரைகள் தெரிந்தன, ஒட்டகம் ஒட்டகமாகவே தெரிந்தது. பள்ளிவாசலில் சுபஹுத் தொழுகைக்குச் சொல்லும் பாங்கும் கேட்டது.

யோகலிங்கம் படகைத் திருப்பத்தான் பார்த்தார். இவ்வளவு கிட்ட வந்தது பிழை என்றார். அப்போது முனீப் ஒரு வார்த்தை சொன்னான். "அண்ணே, பயப்பிடாதீங்க. பாங்கு சொல்ற ஊர், எங்கட ஆக்கள். எங்களுக்கு ஒண்டும் செய்யமாட்டாங்க." படகில் மூன்று பேர் முஸ்லிம்கள். மூன்று பேரும் அதையே சொன்னார்கள். கணவாயும் நன்றாகப் பட்டது. நடுப்பகல் ழுஹர் நேரம்வரைக்கும் நின்றார்கள்.

ழுஹர் பாங்கு முடியவும் வள்ளம் வந்தது. ஆறு பேர், நாலு துவக்கு. முன்னால் நின்றவன் நெடிய மெல்லிய ஆள். முன்பல் ஒன்று இல்லை. பெயர் வர்சமே என்பது பிறகு தெரிந்தது. முனீப் ஸலாம் சொன்னான். அவன் ஒழுங்காகப் பதில் ஸலாமும் சொன்னான், துவக்கையும் இறக்கவில்லை. பிறகு காதில் கையை வைத்துக் காட்டினான். கரையைக் காட்டினான். படகின் மேல்தட்டில் குவிந்து கிடந்த கணவாயைக் காட்டினான். பாங்கு கேட்கிற தூரத்தில் நின்று எங்கள் கணவாயை எடுக்கிறாயே என்பதற்கு மொழிபெயர்ப்பு ஒன்றும் தேவைப்படவில்லை. முனீப் வாழ்க்கையில் அப்படி வெட்கப்பட்டது கிடையாது.

பானைக்குக் கீழே இருந்த பெட்டியை வர்சமேயின் ஆட்கள் அன்றைக்கே உடைத்துக் கடலில் எறிந்தார்கள். வர்சமேயிடம் ஒரு கடதாசி இருந்தது. பொலித்தீன் உறைக்குள் பத்திரமாக வைத்திருந்தான். வட்ட முத்திரை குத்தியிருந்தது. கரைக் காவல் குழுவோ என்னவோ, களவாக மீன் பிடிக்கிற வெளிநாட்டுப் படகைப் பிடிக்க அவனுக்கு அதிகாரம் கொடுத்திருக்கிறது என்பது அதன் சாரம். ஒரு நாளைக்கு மூன்று தரம் அந்தக் கடதாசியை எடுத்துக் காட்டுவான். அவனை நல்லவன் என்று முனீப் ஒருநாளும் சொல்லமாட்டான். குடிதண்ணீரை அளந்துதான் கொடுத்தான். யோகலிங்கத்தின் தோளில் துவக்குக் கட்டையால் ஒரு அடி அடித்தான். பத்தொன்பதாம் நாள், தண்டம் முடிவு பண்ணுவதற்காகப் படகை வேறொரு பட்டினத்துக்குக் கொண்டுபோகும் வழியில் இயந்திரம் நின்றது. நீரோட்டம் படகை நடுக்கடலுக்கு இழுத்துக்கொண்டு போயிற்று. அவனோடு வந்த மற்ற ஐந்து பேரும் இயந்திரத்துக்கு உதிரிப்பாகம் எடுத்து வருகிறோம் என்று வள்ளத்தில் போனார்கள். காவலுக்கு வர்சமே மட்டும் இருந்தான். போர்க்கப்பல் வந்தபோது அகப்பட்டவனும் அவன்தான். கப்பல்காரர் அவனைக் கொண்டுபோய் அந்தத் தீவு நாட்டில் ஒப்படைத்தார்கள்.

கப்பலில் விசாரித்த அதிகாரிக்கு யோகலிங்கம், படகு பிடிபட்டது கரையிலிருந்து அறுபது மைலில் என்றார். அதை ஆங்கிலத்தில் அடித்து நீட்டினார்கள். ஆறு பேரும் ஒப்பம் வைத்தார்கள். உயிரோடு வீட்டுக்குப் போகிற சந்தோசத்தில் முனீபும் வைத்தான்.

சாட்சி சொல்லும் திகதிக்கு இரண்டு கிழமைக்கு முன் பூரணி என்ற சட்டத்தரணி அவனை அழைத்தார். மொழிபெயர்ப்புக்கு நீதிமன்றம் அமர்த்திய ஆள். முப்பது வயது இருக்கும், கண்டிப்பானவர், ஆனால் கேட்டதற்கு மறுமொழி சொல்லத் தயங்காதவர். எப்படிச் சத்தியம் செய்வது, எந்தப் பக்கம் பார்ப்பது என்றெல்லாம் விளங்கப்படுத்தி முடிந்ததும் முனீப் மெதுவாகக் கேட்டான், படகு பிடிபட்ட இடம் கரைக்குக் கிட்டவோ தூரவோ, அதில் என்ன இருக்கிறது என்று.

எல்லாமே அதில்தான் இருக்கிறது என்றார் பூரணி. கரையிலிருந்து பன்னிரண்டு மைல் வரைக்கும் அந்தந்த நாட்டுக் கடல். அதற்கு உள்ளே நடந்த குற்றத்தை அந்த நாடுதான் விசாரிக்கலாம். அதற்கு வெளியே கடற்கொள்ளை நடந்தால் எந்த நாடும் கொள்ளைக்காரனைப் பிடித்துத் தன் நீதிமன்றத்தில் நிறுத்தலாம். பழைய காலத்தில் ராசாக்களே ஓலை எழுதிக் கொடுத்து மற்றவன் கப்பலைப் பிடிக்க ஆட்களை அனுப்பினார்களாம், இந்தத் திருகோணமலைத் துறைமுகமும் அப்படியான கப்பல்களைக் கண்டதுதானாம். ஓலை உள்ளவன் வீரன், இல்லாதவன் கொள்ளைக்காரன். இப்போது அந்த ஓலைக்கு மதிப்பில்லை. அறுபது மைல் என்றால் அந்தக் கடதாசி வெறும் கடதாசி, அந்த ஆளுக்கு இருபது வருசச் சிறை. பன்னிரண்டுக்கு உள்ளே என்றால் தீவு நாட்டு நீதிமன்றத்துக்கு அவனை விசாரிக்கவே அதிகாரமில்லை, அவன் நாட்டிடம் ஒப்படைக்க வேண்டியதுதான்.

"கிட்ட எண்டு சொன்னா, எங்கட படகுக்கு?" என்று முனீப் கேட்டான்.

பூரணி கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவனைப் பார்த்தார். லைசன் போகும், தண்டமும் வரும், ஸ்கிப்பரையும் விடமாட்டார்கள் என்றார். பிறகு, "மேற்கொண்டு எனக்கு ஒண்டும் சொல்லாதேங்கோ. சொல்ல வேண்டியதை அங்க சொல்லுங்கோ," என்று கோப்பை மூடினார்.

முனீப் பஸ்ஸில் வீட்டுக்கு வரும்போது இருபது வருசத்தைப் பற்றித்தான் யோசித்துக்கொண்டு வந்தான். இரண்டு வருசத்துக்கு முன் அவனுடைய ஊர்க் கடலான கொட்டியாரக் குடாவுக்குள் வெளியூர் வள்ளங்கள் சுருக்கு வலையோடு வந்து மீனை வாரிக்கொண்டு போனது ஞாபகம் வந்தது. முறைப்பாடு எழுதி எழுதி அலுத்துப்போன கிண்ணியா மீனவர் சங்கம் ஒரு கடதாசி எழுதியது. மேற்படி வள்ளங்களைத் தடுத்து நிறுத்த இவர்களுக்கு அதிகாரம் அளிக்கப்படுகிறது என்று எழுதி, இறப்பர் முத்திரை குத்தி, ஒன்பது பேரின் பெயரும் போட்டார்கள். நாலாவது பெயர் முனீப். அவர்கள் ஒரு வள்ளத்தைப் பிடித்து, ஆட்களை இறங்குதுறையில் இரண்டு நாள் இருத்தி, வலையைப் பறித்துக்கொண்டுதான் விட்டார்கள். பிடிபட்டவர்களில் ஒருவனுக்கு முனீபும் பிடரியில் ஒன்று போட்டான். கடற்றொழில் பரிசோதகர் வந்து, இப்படிக் கடதாசி கொடுக்க உலகத்தில் எந்தச் சங்கத்துக்கும் அதிகாரமில்லை என்று சத்தம் போட்டார். ஆனாலும் ஊரில் ஒருத்தரும் முனீபைக் கொள்ளைக்காரன் என்று சொல்லவில்லை. அவன் தன்னைத் தானே அப்படி நினைத்ததும் இல்லை. அவர்களுடைய குடா, அவர்களுடைய மீன். அதற்கு இருபது வருசம் என்று யாராவது சொல்லியிருந்தால் அவன் சிரித்திருப்பான்.

அந்தக் கிழமை யோகலிங்கம் வந்தார். தேத்தண்ணீர் குடித்துவிட்டு, சுற்றி வளைக்காமல் விசயத்துக்கு வந்தார். அவர் மிரட்டுகிற ஆள் இல்லை. முகத்தில் பயம்தான் தெரிந்தது.

"முனீப், நாங்கள் ஆறு பேரும் ஒரு கதைதான் சொன்னனாங்கள். இனி நீ மட்டும் வேற கதை கதைக்க ஏலாது. என்ர லைசன் போனா இந்த வயசில நான் எங்க போறது? உன்ர மச்சான்ர படகையும் யோசி."

யோகலிங்கம் போகும்போது வாசலில் நின்று, அந்த ஆள் தன்னை அடித்தவன் என்பதையும் மறக்க வேண்டாம் என்றார். அதுவும் உண்மைதான். அடித்த தோளை அவர் இன்றைக்கும் முழுதாகத் தூக்கமாட்டார்.

வீட்டில் முழுக் கதையும் தெரிந்தவள் அவன் மனைவி சனூஸா ஒருத்திதான். அவள் கேட்டதெல்லாம் ஒரே ஒரு காரியம். நீதிமன்றத்தில் எதைச் சொல்வதானாலும் அதை ஆதம்பாவா மச்சானிடம் முதலில் சொல்லிவிட வேண்டும், மற்றவர் வாயால் அவர் கேட்கக்கூடாது. முனீபுக்கும் அது சரியென்றே பட்டது. மூன்று தரம் போனான். முதல் தரம் போனபோது ராத்தா இடியப்பம் வைத்தாள். சாப்பிட்டுவிட்டு வந்தான். இரண்டாம் தரம் மச்சான் படகுக்குப் புதுச் சாயம் அடித்த கதையை மகிழ்ச்சியாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அதைக் கேட்டுவிட்டு வந்தான். மூன்றாம் தரம் வாசல்வரை போய், உள்ளே அவர் யாரிடமோ போனில் "என்ட மச்சினன் சாட்சி சொல்லப் போறான்" என்று பெருமையாகச் சொல்வது கேட்டுத் திரும்பிவிட்டான். துவக்குக்கு முன்னால் நின்ற மனிதன்தான். ஆனால் நம்பிக்கை வைத்திருக்கிற ஒருவரின் முகத்துக்கு முன்னால் அவனால் நிற்க முடியவில்லை. தன்னைப் போல ஒரு கோழை கிண்ணியாவில் இல்லை என்று சனூஸாவிடமே சொன்னான். அவள் மறுக்கவில்லை.

பதினாலாம் திகதி ஆதம்பாவாவே அவனை மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போனார். நீதிமன்ற வாசலில், அந்த நகரத்துத் தெருக்களில் திரிகிற மான்களில் இரண்டு நின்று யாரோ போட்ட வாழைப்பழத் தோலைத் தின்றுகொண்டிருந்தன. உள்ளே சாட்சியைத் தவிர மற்றவர்களுக்கு அனுமதி இல்லை. "நான் இதில நிக்கிறன்," என்று அவர் வேப்பமர நிழலில் சைக்கிளை நிறுத்தினார்.

சின்ன அறை. குளிரூட்டி இரைந்துகொண்டிருந்தது. திரையில் நாலு கட்டங்கள் தெரிந்தன. ஒன்றில் நீதவான், வயதான பெண். இரண்டில் வழக்கறிஞர்கள். நாலாவதில் வர்சமே. மெலிந்துவிட்டான். தலையைக் குனிந்துகொண்டே இருந்தான். முனீப் குர்ஆனில் கைவைத்துச் சத்தியம் செய்தான். அதன்பின் கேள்வி ஆங்கிலத்தில் வரும், பூரணி தமிழில் சொல்வார், முனீப் தமிழில் சொன்னதை அவர் ஆங்கிலத்தில் சொல்வார், அங்கே ஒருவர் அதை வர்சமேயின் மொழியில் சொல்வார். ஒவ்வொரு வார்த்தையும் கடலைக் கடந்து போய்ச் சேர நேரம் எடுத்தது.

அரச தரப்பு வழக்கறிஞர் மரியாதையாகக் கேட்டார். படகைப் பிடித்தவர்களில் இவரும் ஒருவரா? ஓம். கையில் துவக்கு இருந்ததா? ஓம். யாரையாவது அடித்தாரா? யோகலிங்கம் அண்ணனைத் தோளில் அடித்தார். தண்ணீர் கொடுத்தாரா? அளந்து கொடுத்தார். முனீப் எதையும் மறைக்கவில்லை, எதையும் இனிப்பாக்கவும் இல்லை. வழக்கறிஞர் திருப்தியோடு கடதாசியைப் புரட்டினார். படகு பிடிபட்ட இடம் கரையிலிருந்து அறுபது மைல் என்று உங்கள் வாக்குமூலம் சொல்கிறது, அது சரிதானே என்றார்.

பூரணி அதைத் தமிழில் சொல்லி முடித்தார். முனீப் மேசையைப் பார்த்தான். வெளியில் வேப்பமரத்தடியில் நிற்கிற மனிதர் ஞாபகம் வந்தது. ஓம் என்று ஒரு சொல், அது போதும். எல்லாரும் வீட்டுக்குப் போகலாம், ஒருவனைத் தவிர.

"இல்லை," என்றான். "அந்தக் கடதாசியில நான் ஒப்பம் வச்சனான். அதில உள்ளது பொய். நாங்க கரைக்குக் கிட்ட நிண்டனாங்க. பாங்கு கேக்கிற தூரத்தில."

பூரணி அதை ஆங்கிலத்தில் சொன்னார். அங்கே சோமாலி மொழியில் அது சொல்லப்பட்டபோது வர்சமே முதல்முறையாகத் தலையை நிமிர்த்தினான்.

வழக்கறிஞர் விடவில்லை. படகில் இருந்தவர்களில் யாரோ ஒருவரின் கைபேசியிலிருந்து அந்தச் சத்தம் வந்திருக்கலாம் அல்லவா என்று கேட்டார்.

"கைபேசியில எண்டா ஒரு பாங்குதான் கேக்கும். அங்க ரெண்டு பள்ளி இருக்கு. ஒண்டு முந்திச் சொல்லும், மற்றது கொஞ்சம் பிந்தி. பிந்திச் சொல்றவருக்கு இருமல். நடுவில நிப்பாட்டி இருமிப்போட்டுத்தான் சொன்னார். சுபஹுக்கும் இருமினவர், ழுஹருக்கும் இருமினவர்."

திரையில் வர்சமே தன் மொழிபெயர்ப்பாளரிடம் ஏதோ சொன்னான். நீதவான் என்னவென்று கேட்டார். அந்த இருமுகிறவர் தன் பெரியப்பா என்று சொல்கிறான் என்றார்கள். அந்த அறையில் எவரும் சிரிக்கவில்லை. நீதவான் மட்டும் பேனாவை எடுத்து நீண்ட நேரம் எழுதினார்.

பிறகு அவரே கேட்டார். பிடிபடுவதற்கு முன் ஒன்பது நாள் அந்தப் படகின் சட்டலைட் பெட்டி ஒன்றும் பேசவில்லையே, அது பழுதாகியிருந்ததா? முனீப் பானைக் கதையைச் சொன்னான். எத்தனை கிலோ அரிசி வேகும் பானை, எப்படிக் கயிற்றால் கட்டினார்கள், சின்னப் பானையில் எத்தனை தரம் சோறு வடித்தான் என்பது எல்லாவற்றையும் சொன்னான். பானையைக் கவிழ்க்கலாம் என்று சொன்னது யார் என்று கேள்வி வந்தது. நான்தான் என்றான். பாங்கு கேட்ட பிறகும் நிற்கலாம் என்று சொன்னது யார்? அதுவும் நான்தான் என்றான். படகுச் சொந்தக்காரருக்கு இது தெரியுமா?

"தெரியாது. அவருக்கு இண்டைக்குவரைக்கும் தெரியாது. வெளியில நிக்கிறார்."

கடைசியாக வர்சமேயின் வழக்கறிஞர் எழுந்து, தனக்குக் கேள்வி எதுவும் இல்லை என்று மட்டும் சொன்னார்.

வெளியே வந்தபோது ஆதம்பாவா ஒரு போத்தல் நெக்டோச் சோடா வாங்கி வைத்துக்கொண்டு நின்றார். எப்படி, முடிந்ததா என்றார். முனீப் போவோம் என்று பின்னால் ஏறினான். நகரம் கடந்து, சீனன்குடா கடந்து, கிண்ணியாப் பாலத்தின் நடுவே வந்தபோதுதான் அவன் வாய் திறந்தது. மச்சான், கொஞ்சம் நிப்பாட்டுங்க என்றான். பாலத்தின் ஓரத்தில் நின்று எல்லாவற்றையும் சொன்னான். பானையைச் சொன்னான், பாங்கைச் சொன்னான், எங்கட ஆக்கள் என்று தான் சொன்ன வார்த்தையையும் சொன்னான். இருபக்கமும் வாகனங்கள் போய்க்கொண்டிருந்தன. ஆதம்பாவா கைபிடிச் சுவரில் கையை ஊன்றித் தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"அப்ப எட்டு மாசமா நான் கந்தோர் கந்தோராப் போய்ப் பொய் சொல்லியிருக்கன்," என்றார் ஈற்றில். "எனக்கே தெரியாம."

முனீப் மாப்புக் கேட்டான். அவர் ஏசவில்லை. ஏசியிருந்தால் முனீபுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். சைக்கிளை உதைத்துக் கிளப்பினார். அவனைப் பின்னால் ஏற்றிக்கொண்டு, அவன் வீட்டு வாசலிலேயே இறக்கிவிட்டு, உள்ளே வராமல் போனார்.

சாட்சியத்தின் பிரதி கொழும்புக்கு வர மூன்று கிழமையும் எடுக்கவில்லை. படகின் லைசனை ஒரு வருசத்துக்கு நிறுத்தினார்கள். தண்டமும் விழுந்தது. யோகலிங்கத்தை இரண்டு தரம் விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். அவர் இப்போது ஐஸ் கொம்பனி ஒன்றில் வேலை செய்கிறார், வழியில் முனீபைக் கண்டால் சைக்கிளை மற்றப் பக்கத்துக்குத் திருப்புவார். முனீபுக்கும் தண்டம், எச்சரிக்கைக் கடிதம். அவன் இப்போது, போன நாளே திரும்பி வருகிற ஒருநாள் வள்ளமொன்றில் குடாவுக்குள் தொழிலுக்குப் போனான். ஊர் முதலில் அவனை ஏசியது, பிறகு இரண்டாகப் பிரிந்து விவாதித்தது, பிறகு அடுத்தவன் வீட்டுக் கதைக்குப் போய்விட்டது. ராத்தா மட்டும் ஒளித்து மறைத்துக் கறி அனுப்பினாள். ஆதம்பாவா அவனோடு கதைக்கவில்லை. பள்ளியில் பக்கத்துப் பக்கத்தில் தொழுதாலும் ஸலாம் கொடுத்துவிட்டு நேரே எழுந்து போய்விடுவார்.

ஆறாவது கிழமை பூரணி தொலைபேசியில் கூப்பிட்டார். படகு பிடிபட்டது பன்னிரண்டு மைலுக்கு உள்ளேதான் என்று நீதவான் முடிவு செய்துவிட்டார், தன் நீதிமன்றத்துக்கு அதிகாரம் இல்லை என்று வர்சமேயை அவன் நாட்டிடம் ஒப்படைக்கச் சொல்லிவிட்டார் என்றார். அவன் ஊருக்கும் போய்ச் சேர்ந்துவிட்டானாம். போகும்போது தன் வழக்கறிஞரிடம் சமையல்காரனுக்கு ஒரு செய்தி சொல்லிவிட்டிருக்கிறான். அது நன்றி இல்லை என்று பூரணி முதலிலேயே சொன்னார், முனீப் மனம் நோகக்கூடாது என்று.

முனீப் செய்தியைக் கேட்டான். மனம் நோகவில்லை. ஏனோ உடம்பு இலேசானது போலிருந்தது. இதை ஒருவரிடம் சொல்லியாக வேண்டும் போலிருந்தது, அந்த ஒருவரும் யார் என்று அவனுக்குத் தெரிந்தது. இந்தமுறை வாசல்வரை போய்த் திரும்பக்கூடாது என்று நினைத்துக்கொண்டு பஸ் ஏறிக் கொட்பே மீன்பிடித் துறைமுகத்துக்குப் போனான்.

படகு மற்றப் படகுகளுக்குப் பின்னால், ஒதுக்கமாகக் கட்டிக் கிடந்தது. தொழில் இல்லாத படகை ஆதம்பாவா ஒவ்வொரு நாளும் காலையில் வந்து கழுவுவார். இப்போதும் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு தும்புத்தடித் துடைப்பத்தால் படகின் தட்டைத் தேய்த்துக்கொண்டிருந்தார். முனீப் ஏறி வந்தது தெரிந்தும் நிமிரவில்லை. முனீப் தூரத்திலேயே நின்று சொன்னான். அந்த ஆளை விட்டுவிட்டார்களாம், ஊருக்குப் போய்விட்டானாம்.

தும்புத்தடி தேய்த்துக்கொண்டே இருந்தது.

"எனக்கு ஒரு செய்தி சொல்லி விட்டிருக்கான் மச்சான். நீங்க திரும்பியும் உள்ள வந்தா, நான் திரும்பியும் பிடிப்பன் எண்டு."

தும்புத்தடி நின்றது. ஆதம்பாவா நிமிர்ந்து, இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, துறைமுக வாய்க்கு வெளியே தெரிந்த கடலைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"பிடிக்கத்தானே வேணும்," என்றார். "அவன்ட கடல்."

ஆறு கிழமைக்குப் பிறகு மச்சான் அவனோடு கதைத்த முதல் கதை அது.